சுற்றுச்சூழல் சட்டத்தில் நேரடி அனுபவம்: எல்லை ஊரில் இருந்துகொண்டு எங்கே கற்றுக்கொள்வது?

புளியரைப் பெண் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் செங்கோட்டை தாண்டிப் புளியரைப் பக்கம். ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் இப்போது நாலாம் வருஷம். சுற்றுச்சூழல் சட்டப் பாடத்தை நல்ல மார்க்கோடு முடித்துவிட்டேன், எம். சி. மேத்தா உச்ச நீதிமன்றத்தில் போட்ட சுற்றுச்சூழல் வழக்குகளை வரிசையாகச் சொல்வேன். ஆனால் நாளைக்கு எங்கள் தெருக்காரர் ஒருத்தர் வந்து, "குளத்தங்கரையில் ராத்திரி யாரோ மூட்டை மூட்டையாகக் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள், என்னம்மா செய்யலாம்" என்று கேட்டால், மனுவை யாருக்கு எழுதுவது, எந்தச் சட்டத்தில் எழுதுவது, கூடவே எதை இணைப்பது என்று ஒன்றும் தெரியாமல்தான் நிற்பேன்.

போன லீவில் தென்காசியில் ஒரு சீனியரிடம் இன்டர்ன்ஷிப் செய்தேன். அருமையான மனிதர், வாய்தா எப்படி வாங்குவது முதல் குறுக்கு விசாரணைக்கு எப்படித் தயாராவது வரை பொறுமையாகச் சொல்லித் தந்தார். ஆனால் வருகிறதெல்லாம் விபத்து இழப்பீடு, பாகப் பிரிவினை, செக் மோசடி. சுற்றுச்சூழல் வழக்கு வேண்டுமென்றால் சென்னைக்குப் போ என்கிறார்கள். ஹாஸ்டல், சாப்பாடு, பஸ் என்று ஒரு மாதம் அங்கே வைத்துப் பார்க்க எங்கள் வீட்டில் வசதி இல்லை. கிளாஸ்மேட்டுகள் ஆன்லைன் சான்றிதழ் படிப்பு ஒன்றைப் போட்டுவிட்டு அதையே அனுபவம் என்று பயோடேட்டாவில் எழுதிக்கொள்கிறார்கள். எனக்கு அது வேண்டாம்.

எங்கள் ஊர் ரோட்டில் நின்றால் மேற்கே எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிய டாரஸ் லாரிகள் போய்க்கொண்டே இருக்கின்றன, திரும்பி வரும்போது என்ன ஏற்றி வருகின்றன என்று யாருக்கும் தெரியாது. இந்த ஊரிலேயே இருந்து இந்த மாதிரி வழக்குகளைப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், வனத்துறை, தொண்டு நிறுவனம், வக்கீல் ஆபீஸ், இதில் எங்கே போனால் உண்மையிலேயே வேலை கற்றுக்கொள்ளலாம்? பார் கவுன்சில் கணக்கில் எதெல்லாம் சேரும்?

நெல்லை வழக்கறிஞர் எழுதியது:

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளின்படி ஐந்தாண்டுப் படிப்புக்கு மொத்தம் 20 வாரம், மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம் இன்டர்ன்ஷிப். ஒரு வருஷத்தில் தொடர்ச்சியாக நாலு வாரத்துக்கு மேல் கூடாது. விசாரணை நீதிமன்ற வக்கீலிடமும் மேல்முறையீட்டு வக்கீலிடமும் ஒரு முறையாவது இருந்திருக்க வேண்டும், மற்றபடி தொண்டு நிறுவனம், சட்டப்பூர்வ ஒழுங்குமுறை அமைப்பு, உள்ளாட்சி அமைப்பு எல்லாமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆக உங்கள் ஊராட்சி மன்ற அலுவலகமே கணக்கில் சேரும், நம் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு இது தெரியாது. கல்லூரியில் முன்கூட்டி எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது சென்னை. சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே இருக்கிற தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு சென்னையில்தான் இருக்கிறது, உண்மை. ஆனால் விசாரணைப் பட்டியல் முந்தைய நாளே இணையத்தில் வந்துவிடும், காணொலியில் விசாரணை நடக்கும்போது வீட்டிலிருந்தே பார்க்கலாம், உத்தரவுகளும், களத்தைப் பார்க்கத் தீர்ப்பாயம் அமைக்கிற கூட்டுக் குழுவின் அறிக்கைகளும் அதே தளத்தில் கிடைக்கும். நான் சொல்வது சும்மா வேடிக்கை பார்க்கிற வேலை இல்லை. ஒரு வழக்கைத் தேர்ந்தெடுத்து முதல் உத்தரவிலிருந்து கடைசி உத்தரவு வரை படியுங்கள், ஒவ்வொரு வாய்தாவுக்கும் யார் என்ன தாக்கல் செய்தார்கள், யார் அவகாசம் கேட்டார்கள், கூட்டுக் குழு களத்துக்கு எப்போது போனது, அறிக்கையில் எந்த வரியை வாரியம் மழுப்பியது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு வழக்கை இப்படிப் பின்தொடர்ந்தால் கிடைக்கிற தெளிவு எந்தச் சான்றிதழ் படிப்பிலும் கிடைக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

எதை எடுப்பது என்றால், உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொட்டிய விவகாரம். கழிவுக்குள் கிடந்த நோயாளிகளின் மருத்துவச் சீட்டுகள்தான் அது எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொடுத்தன. கேரள அரசே அதை அள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று தென் மண்டல அமர்வு உத்தரவிட்டது, அந்த மாதமே லாரிகள் வந்து அள்ளின. இதை 2016 மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளோடு வைத்துப் படியுங்கள். சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, பைகளில் பார்கோடு வேண்டும், கொண்டுபோகிற வண்டியில் இருப்பிடம் காட்டும் கருவி வேண்டும். இவ்வளவு விதி இருந்தும் ஒரு லாரி எல்லை தாண்டி வயற்காட்டில் கொட்டுகிறது என்றால் எந்தெந்தக் கண்ணி அறுந்தது என்று கேட்கத் தோன்றும். அதுதான் வழக்கு.

இன்னொன்று, எல்லையில் இருக்கிற உங்களுக்கு இது முக்கியம். உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வுக்கு அதிகார வரம்பு தமிழ்நாட்டோடு நிற்கும். தென் மண்டல அமர்வுக்கோ தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், கர்நாடகம், தெலங்கானா, புதுவை எல்லாமே ஒரே குடைக்குள். இரண்டு மாநில வாரியங்களையும் ஒரே மனுவில் எதிர்மனுதாரர் ஆக்கலாம்.

இனி, நம் ஊர்ப் பக்கம் வழக்கு கெட்டுப்போகிற இடத்தைச் சொல்கிறேன். காலக்கெடு. தீர்ப்பாயச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் மனு போட, வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், போதிய காரணம் இருந்தால் இன்னும் 60 நாள், அவ்வளவுதான். ஊர்க்காரர்கள் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை திங்கட்கிழமை மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக மடித்து வைத்து, ஒன்றரை வருஷம் கழித்து நம்மிடம் வருவார்கள். அந்த ஒன்றரை வருஷம் கணக்கில் போய்விட்டது. இழப்பீடும் சீரமைப்பும் கேட்கிற 15ஆம் பிரிவுக்கு ஐந்து வருஷம் உண்டு, ஒழுங்காக எழுதினால் சில வழக்குகளை அங்கே காப்பாற்றலாம். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு என்றால் 30 நாள், அதற்கு மேல் 60 நாள் வரைதான் தாமதத்தை மன்னிக்க முடியும். ஒரு மாணவி ஊரில் உட்கார்ந்து இந்தத் தேதிக் கணக்கைப் போட்டுத் தந்தாலே அது பெரிய உதவி. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய், அதையும் சொல்லிவையுங்கள், லட்சக்கணக்கில் ஆகும் என்று பயந்தே பாதிப் பேர் வருவதில்லை.

கொழிஞ்சாம்பாறைக்காரன் எழுதியது:

வக்கீல் சார் ஊராட்சியைப் பற்றி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார், எனக்கு அதுதான் முக்கியமாகத் தெரிகிறது. நான் பாலக்காடு மாவட்டத்துத் தமிழன், வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம். எங்களுக்குப் பக்கத்துப் பெருமாட்டி ஊராட்சியில்தான் பிளாச்சிமடை இருக்கிறது. அங்கே கோகோ கோலா குளிர்பான ஆலை 2000இல் வந்தது, கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போய் ஆதிவாசி மக்கள், அதிலும் பெண்கள், 2002இல் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்ற மயிலம்மாவின் பெயரை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் சட்டப்படி முதல் அடி விழுந்தது ஊராட்சி ஆபீஸில். 2003இல் உரிமத்தைப் புதுப்பிக்க முடியாது என்று ஊராட்சி தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தை வைத்துத்தான் கேரள உயர் நீதிமன்றத்துக்கு வழக்கே போனது. 2003 டிசம்பரில் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதற்குக் காப்பாளர் மட்டும்தான் என்றார். 2005இல் அதே நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச், அதாவது இரண்டு நீதிபதிகள் அமர்வு, அதை மாற்றிவிட்டது. ஆனால் 2004 மார்ச்சில் நின்ற ஆலை திரும்ப ஓடவில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், நம் பிள்ளைகள் தீர்ப்பை மட்டும் படிக்கிறார்கள், அந்தத் தீர்ப்புக்குக் கீழே கிடக்கிற ஊராட்சித் தீர்மானத்தையும், அதை எந்தச் சட்டப் பிரிவின் கீழ் எழுதினார்கள், நோட்டீஸ் கொடுத்தார்களா, மறுதரப்புக்குப் பேச வாய்ப்புக் கொடுத்தார்களா என்பதையும் யாரும் பார்ப்பதில்லை. ஒரு மாதம் ஊராட்சி ஆபீஸில் உட்காருங்கள். தீர்மானப் புத்தகத்தைப் படியுங்கள். உங்கள் ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கிறதா, மக்கள் பல்லுயிர் பதிவேடு எழுதியிருக்கிறார்களா என்று கேளுங்கள். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் இருக்க வேண்டிய குழு அது, பல இடங்களில் காகிதத்தோடு சரி. அந்தப் பதிவேட்டை ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து ஒழுங்காக எழுதினால், நாளைக்கு ஒரு குவாரிக்காரர் "இங்கே முள்ளுச் செடியைத் தவிர ஒன்றும் இல்லை" என்று அறிக்கை கொடுக்கும்போது அதை மறுக்க அரசாங்கத்து ஆவணமே ஒன்று கையில் இருக்கும்.

மலையாளம் படிக்கத் தெரியுமா? புளியரை என்றால் பேசவாவது தெரியும். எழுத்தும் படித்துக்கொள்ளுங்கள். தீர்ப்பாயத்தில் ஆங்கிலத்தில் இல்லாத ஆவணத்துக்கெல்லாம் மொழிபெயர்ப்புச் சேர்க்க வேண்டும், இரண்டு மாநிலத்து ஆவணங்களையும் படித்து நேர்மையாக ஆங்கிலத்தில் தரக்கூடிய ஆள் எந்த சீனியருக்கும் தேவைப்படுவார்.

நாடுகாணி அக்கா எழுதியது:

கூடலூர்ப் பக்கம் சட்ட உதவித் தன்னார்வலராக இருக்கிறேன். மேலே இருவரும் மாசு, குவாரி என்று பேசினார்கள். பாதுகாப்புச் சட்டம் என்றால் காடும் உண்டு, காட்டில் மனுஷரும் உண்டு.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 பசுமைத் தீர்ப்பாயத்தின் அட்டவணையில் இல்லை. நீர், நீர் வரி, காற்று, வனப் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு, பொதுப் பொறுப்புக் காப்பீடு, பல்லுயிர் என ஏழே சட்டங்கள்தான் அதில். வேட்டை, மின்வேலி, தோல், தந்தம் எல்லாம் உங்கள் ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குத்தான் வரும். அந்த வழக்குகளைப் போய் உட்கார்ந்து கேளம்மா. பொருளைக் கைப்பற்றும்போது எழுதுகிற மகஜரில் நேரம் ஒன்று, சாட்சி சொல்கிற நேரம் ஒன்று, கைப்பற்றிய இறைச்சி யார் யார் கை மாறி ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்குப் பதிவு இல்லை, இப்படித்தான் வழக்குகள் உதிர்கின்றன. நீ நாளைக்கு எந்தப் பக்கம் வாதாடினாலும் இது தெரிந்திருக்க வேண்டும். வனச்சரகர் நல்லவராக இருந்தால் ஒரு குற்ற அறிக்கை எப்படி எழுதுகிறார்கள் என்று காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

எங்கள் ஊர்க் கதை எல்லாச் சட்ட மாணவருக்கும் தெரியும், ஊர்ப் பெயர்தான் தெரியாது. நிலம்பூர் கோவிலகத்து கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றம் போனது கூடலூர்க் காட்டை வெட்டுகிறார்கள் என்றுதான். 1996 டிசம்பர் 12இல் வந்த உத்தரவு, யார் பட்டாவில் இருந்தாலும் அகராதிப் பொருளில் காடு என்றால் காடுதான் என்று நாட்டுக்கே சொன்னது. வனப் பாதுகாப்புச் சட்டத்தை 2023இல் திருத்திய பிறகும், அந்தப் பொருளையே தொடரும்படி 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அதே கூடலூரில்தான் 1969 ஜன்மம் நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு நிலத்தில் கரண்டு இணைப்புக் கிடைக்காமல், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களும், பணியர், காட்டுநாயக்கர் பாடிகளும் இன்னும் காத்திருக்கின்றன. காட்டையும் காப்பாற்ற வேண்டும், இவர்களையும் விரட்டக் கூடாது.

அதனால் என் யோசனை, ஒரு இன்டர்ன்ஷிப்பாவது 2006 வன உரிமைச் சட்டத்தில் செய். கிராம சபை, வன உரிமைக் குழு, உரிமை கோரும் படிவம், இதையெல்லாம் கூட இருந்து நிரப்பு. விதி 13இல் சான்றாகக் காகிதம் மட்டும் கேட்கவில்லை, கிணறு, இடுகாடு, கோயில், ஊர்ப் பெரியவர் சொன்னதை எழுதிவைத்த வாக்குமூலம் எல்லாமே சான்று. ஒரு பாட்டி சொல்வதை அவர் சொன்னபடியே, நம் சட்ட வார்த்தையை அவர் வாயில் திணிக்காமல் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே தெரியும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்ட மாணவர்கள் தன்னார்வலராகப் பதியலாம், தென்காசியிலோ நெல்லையிலோ போய்க் கேள்.

ஒரே ஒரு கண்டிப்பு. மக்களுடைய அசல் காகிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளாதே. நகல் எடுத்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடு. ஜெயித்துவிடலாம் என்று வாக்கும் கொடுக்காதே, நீ இன்னும் வக்கீல் இல்லை.

புளியரைப் பெண் எழுதியது:

அண்ணா, அக்கா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஊராட்சியும் மாஜிஸ்திரேட் கோர்ட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. இன்னும் ஒன்று மட்டும் கேட்கிறேன். எங்கள் பக்கத்தில் ஓடைக்குப் பக்கமாக ஒரு கல்குவாரி ஓடுகிறது, வெடி வைத்தால் வீட்டுச் சுவர் அதிர்கிறது என்று பெண்கள் சொல்கிறார்கள். இதைப் பயிற்சியாக எடுத்துக்கொண்டு நான் எங்கிருந்து தொடங்கலாம்? நேரில் போய்ப் போட்டோ எடுக்க வீட்டில் பயப்படுகிறார்கள்.

நெல்லை வழக்கறிஞர் எழுதியது:

வீட்டில் பயப்படுவது சரிதான். குவாரிக்குள் தனியாகப் போகவே வேண்டாம், ராத்திரி லாரியை மறிக்கிற வேலையும் வேண்டாம். இந்த வழக்கில் முக்கால்வாசி வேலை வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலைதான்.

முதலில் சர்வே நம்பர். விஏஓ ஆபீஸில் நில விவரம் இருக்கிற அ-பதிவேடும் புல வரைபடமும் வாங்குங்கள், ஓடைப் புறம்போக்கு எது, குத்தகை நிலம் எது என்று பென்சிலால் குறியுங்கள். பிறகு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் அந்தக் குவாரியின் சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தைத் தேடுங்கள். 2012இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறு கனிமக் குத்தகைக்கும் அனுமதி வேண்டும் என்று சொல்லிவிட்டதால், சின்னக் குவாரி என்ற சாக்கு செல்லாது. கடிதத்தில் நிபந்தனைகள் வரிசையாக இருக்கும், எவ்வளவு ஆழம், எந்த நேரத்தில் வெடி, பசுமை வளையம், ஓடைக்கு எவ்வளவு தூரம். நிபந்தனைகள் நிறைவேறினவா என்று குவாரிக்காரர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த அறிக்கையையும் களத்தில் ஊர்ப் பெண்கள் சொல்வதையும் எதிரெதிரே வைத்து ஒரு அட்டவணை போடுங்கள். நான் எந்த ஜூனியரிடமும் முதலில் கேட்பது இந்த அட்டவணையைத்தான்.

கிடைக்காத காகிதத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய், 30 நாள். கனிமவளத் துறை உதவி இயக்குநரிடம், கல் ஏற்றிப் போகிற லாரிக்குக் கொடுக்கிற நடைச்சீட்டின் கணக்குக் கேளுங்கள், அனுமதித்த அளவையும் வெளியே போன அளவையும் ஒப்பிடலாம். அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவில் ஆவணத்தை நேரில் பார்வையிடவும், வேலையைப் பார்வையிடவும், பொருளின் சான்றளித்த மாதிரி எடுக்கவும்கூட உரிமை உண்டு, பலர் நகலோடு நிறுத்திவிடுகிறார்கள். பெயர் வெளியே வரும் என்பதால் மனுவை சீனியர் மூலமாகப் போடுவது நல்லது.

போட்டோ, வீடியோ எல்லாம் பாதிக்கப்பட்டவர் தன் வீட்டு வாசலில் நின்று தன் போனில் எடுக்கட்டும். எடுத்த போனை மாற்றாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். 2024 ஜூலையிலிருந்து புதிய சாட்சியச் சட்டம், மின்னணுப் பதிவுக்கு 63ஆம் பிரிவுச் சான்று, அதில் கோப்பை யாரும் மாற்றவில்லை என்று காட்டுகிற ஹாஷ் மதிப்பும் எழுத வேண்டும். தீர்ப்பாயம் சாட்சியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது இல்லை என்று 19ஆம் பிரிவு சொல்கிறது, இருந்தாலும் இதே வீடியோ நாளைக்கு கிரிமினல் கோர்ட்டுக்கும் போகலாம், இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

பழைய கைடு புத்தகத்தைப் பார்த்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்து வருஷம் சிறை என்று மனுவில் எழுதிவிடாதீர்கள். ஜன் விஸ்வாஸ் திருத்தத்துக்குப் பிறகு, 2024 ஏப்ரலிலிருந்து, 15ஆம் பிரிவில் 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம், அதையும் தீர்மானிப்பது நியாயம் வழங்கும் அதிகாரி. அபராதத்தைக் கட்டாவிட்டால்தான் சிறைப் பேச்சு வரும்.

பாலாற்றங்கரை மாணவன் எழுதியது:

நான் வேலூர்ப் பக்கம், ஆந்திரா பார்டர். எல்லாம் சரி அண்ணா, ஆனால் சென்னையே வேண்டாம் என்கிற மாதிரி யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எங்கள் பாலாற்றுத் தோல் கழிவுக்கு 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது நம் சட்டத்தின் பகுதி என்று அதில் உறுதியாகச் சொன்னது. அதே ஆற்றுக்காக 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டி வந்தது. நடுவில் கிட்டத்தட்ட முப்பது வருஷம். உத்தரவு வாங்குவது பாதி வேலை, அதை நிறைவேற்ற வைப்பது மீதி, அந்த மீதியை சென்னைத் தீர்ப்பாயத்தில் நிறைவேற்று மனு விசாரணையில் நேரில் உட்கார்ந்தால்தான் புரிந்துகொள்ள முடியும். ஒரு அதிகாரி "நடவடிக்கை எடுத்து வருகிறோம்" என்று சொல்லும்போது, எந்தத் தேதிக்குள், யார், எவ்வளவு நிதியில் என்று வக்கீல் மூன்றே கேள்வியில் மடக்குவதை நான் அங்கே பார்த்தேன்.

புளியரை அக்கா, நீங்கள் குவாரி அட்டவணையை முடித்துவிட்டு ஒரு வாரத்துக்கு மட்டும் சென்னைக்கு வாருங்கள். பயிற்சிக்கு வர அனுமதி கேட்கும் கடிதத்தோடு அந்த அட்டவணையையும் இணைத்து அனுப்புங்கள், வெறும் பயோடேட்டா அனுப்புகிறவர்களுக்கு வராத பதில் உங்களுக்கு வரும். கோடை விடுமுறையில் தீர்ப்பாயமும் மூடியிருக்கும், அதனால் ஜூலைக்குப் பிறகு செமஸ்டர் லீவைப் பார்த்துத் தேதி வையுங்கள்.